ஓட்டுச் சீட்டும் ஞானஸ்நானமும் - சேலம் கே.டி. பால் முதல் அரூர் தனித் தொகுதி வரை

தர்மபுரி மாவட்டத்தில் 5 சட்டமன்றத் தொகுதிகள். பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். இதில் அரூர் மட்டும் தனித் தொகுதி, அதாவது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே ஒரு தலித் குடும்பத்தில் அண்ணன் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர், தம்பி ஞானஸ்நானம் பெற்றவர் என்று வைத்துக்கொள்வோம். தெரு ஒன்று, குழாயடி ஒன்று, ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்க்கும் பார்வையும் ஒன்றுதான். தேர்தல் நாளில் இருவரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். ஆனால் வேட்புமனு தாக்கல் செய்ய அண்ணனால் மட்டுமே முடியும். தம்பி மனு கொடுத்தால் பரிசீலனையிலேயே தள்ளுபடி.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப்பேர். தர்மபுரியிலோ ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். அதனால் "கிறிஸ்தவ ஓட்டு வங்கி" என்று தொலைக்காட்சிகளில் பேசும்போது தர்மபுரியின் பெயர் வருவதே இல்லை. ஆனால் கிறிஸ்தவன் கிறிஸ்தவனாக ஓட்டுப் போட வேண்டுமா, இல்லை ஊரில் ஒருவனாக ஓட்டுப் போட வேண்டுமா என்ற கேள்வியை லண்டன் வரைக்கும் கொண்டு போனவர்களில் முக்கியமான ஒருவர் இந்தப் பகுதிக்காரர். தர்மபுரி 1965-ல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சேலத்தில் 1876-ல் பிறந்த கே.டி. பால்தான் அவர். முழுப்பெயர் கனகராயன் திருச்செல்வம் பால். இன்றைக்குச் சேலத்திலேயே இந்தப் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்!

அவர் கதைக்கு முன்னால் 1920-ம் ஆண்டைப் பார்த்துவிட வேண்டும். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி அந்த ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. அதில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 5 இடங்கள் தனியாகக் கொடுக்கப்பட்டன. இங்கே ஒரு குழப்பம் வரும். இன்றைய தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டும்தான் குறிப்பிட்ட பிரிவினர், ஓட்டு எல்லோரும் போடலாம். அன்றைக்கு இருந்தது அதுவல்ல. நிற்பவரும் கிறிஸ்தவர், ஓட்டுப் போடுபவரும் கிறிஸ்தவர். கிறிஸ்தவர்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல். பக்கத்து வீட்டு இந்துவும் முஸ்லிமும் வேறு வேறு பட்டியலில் இருப்பார்கள்.

கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை 20-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் கொண்ட மாகாணத்துக்கு 5 இடங்கள் என்றால், ஒரு தொகுதி எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கைந்து மாவட்டங்களுக்கு ஒரு உறுப்பினர். பெண்ணாகரத்துப் பக்கம் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவர் தன் உறுப்பினரை வாழ்நாளில் ஒரு முறை பார்த்திருந்தாலே அதிசயம். அதிலும் பெரும்பாலும் வரி கட்டுபவருக்கும் சொத்துள்ளவருக்கும்தான் ஓட்டு. மிஷன் பங்களாவுக்குப் பின்னால் குடியிருந்த கூலிக்காரக் கிறிஸ்தவருக்குக் கிடையாது. "கிறிஸ்தவர்களின் பிரதிநிதி" என்று சட்டசபையில் உட்கார்ந்தவரைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் வக்கீல்கள், வாத்தியார்கள், மிராசுதாரர்கள்தான்.

கே.டி. பால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது வி.எஸ். அசரியாவோடு சேர்ந்து உழைத்தவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், வெளிநாட்டு ஆள் இல்லாமல் இந்தியர்களே நடத்துவது என்பதுதான் அந்தச் சங்கத்தின் கொள்கை. 1916-ல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். கிராம முன்னேற்ற வேலை, கூட்டுறவுக் கடன் என்று ஒய்.எம்.சி.ஏ.வை நகரத்து விளையாட்டு மைதானத்திலிருந்து கிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் அவர்தான்.

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. காங்கிரஸ் போகவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்கள் சார்பில் பால் போனார். (பழைய சேலம் மாவட்டத்துக்கு அங்கே இன்னொரு நாற்காலியும் இருந்தது. குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் மனைவி ராதாபாய் சுப்பராயன் பெண்களின் பிரதிநிதியாகப் போயிருந்தார்.) ஒவ்வொரு சமூகத்தின் பிரதிநிதியும் தங்களுக்கு எத்தனை இடம் என்று கணக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், பால் எதிர்த் திசையில் பேசினார். கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் வேண்டாம், பொதுப் பட்டியலிலேயே இருந்துகொள்கிறோம் என்பது அவர் நிலை.

தன் சமூகத்துக்குக் கையில் கிடைத்துவிட்ட சலுகையை வேண்டாம் என்று சொல்ல ஒருவரை அந்த சமூகமே அனுப்பியது என்பது சாதாரணம் இல்லை. அவர் பின்னால் அகில இந்திய இந்தியக் கிறிஸ்தவர் மாநாடு என்ற அமைப்பு இருந்தது. அதில் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். அவர்கள் வாதத்தின் சாரம் எளிமையானது. கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் மதம் என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளைக்காரன் கொடுக்கும் தனிப் பட்டியலையும் வாங்கிக்கொண்டால் அந்தப் பேச்சு உறுதியாகிவிடும். மேலும், பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டு நமக்குத் தேவையில்லை என்றால், நம் ஓட்டும் அவனுக்குத் தேவையில்லை. அப்புறம் அவன் ஏன் நம் பிரச்சினையைக் காதில் வாங்கப் போகிறான்?

மறுபக்கத்தில் நின்றவரும் தமிழர்தான். தஞ்சை மாவட்டத்து ஏ.டி. பன்னீர்செல்வம். கத்தோலிக்கர், நீதிக்கட்சித் தலைவர், தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர். 1937-க்குப் பின் ராஜாஜி கொண்டு வந்த கட்டாய இந்திக்கு எதிராகச் சட்டசபையில் நின்றவர் என்பதால் திராவிட இயக்க வரலாற்றில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அவர் தனித் தொகுதி வேண்டும் என்றார். தென்னிந்தியக் கத்தோலிக்கர்களில் பெரும்பகுதி அவர் பக்கம். அந்த வாதத்தையும் லேசில் தள்ளிவிட முடியாது. கிறிஸ்தவர்கள் எங்கேயும் கூட்டமாக இல்லை. திருநெல்வேலி, தெற்குக் கடற்கரை தவிர எல்லா இடத்திலும் உப்புக் கல் போலச் சிதறிக் கிடக்கிறார்கள். சேலம் ஜில்லாவில் பொதுத் தொகுதியில் ஒரு கிறிஸ்தவர் நின்றால் எந்தக் காலத்தில் ஜெயிப்பார்? நல்லெண்ணம் சட்டசபையில் நாற்காலி தருமா?

பால் 1931 ஏப்ரலில் இறந்துவிட்டார். வயது 55. அந்த ஆண்டு செப்டம்பரில் கூடிய இரண்டாவது வட்டமேசை மாநாட்டில் அவர் குரலைத் தொடர்ந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த எஸ்.கே. தத்தா. ஆனால் 1931 நவம்பரில் வெளியான சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் இந்தியக் கிறிஸ்தவர்கள் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் பன்னீர்செல்வம். முஸ்லிம்கள் சார்பில் ஆகா கான், தாழ்த்தப்பட்டோர் சார்பில் அம்பேத்கர், ஆங்கிலோ-இந்தியர் சார்பில் கிட்னி, ஐரோப்பியர் சார்பில் ஹியூபர்ட் கார். தத்தா கையெழுத்துப் போடவில்லை. ஒரே மதம், ஒரே மாநாடு, இரண்டு பிரதிநிதிகள், இரண்டு எதிரெதிர் நிலைகள்! கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்று இன்றும் நம்புபவர்கள் இந்த ஒரு சம்பவத்தைப் படித்தாலே போதும்.

1932 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி தொடர்ந்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி கொடுத்ததை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்ததும், செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் வந்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுப்பதும் காந்திக்குப் பிடிக்காததுதான், ஆனால் அதற்காக யாரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை. 1937 தேர்தலில் சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு, அது போக இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஒன்று.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓரத்தில் ஒரு சின்ன வரி நுழைந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளுக்கு இடம் ஒதுக்கியதால் யார் தாழ்த்தப்பட்டவர் என்று பட்டியல் போட வேண்டியிருந்தது. 1936-ல் வந்த அந்தப் பட்டியல் ஆணையில், இந்தியக் கிறிஸ்தவர் எவரும் தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. கிறிஸ்தவருக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, ஒருவருக்கு இரண்டு பட்டியலில் இடம் எதற்கு? சரிதான். ஆனால் தனிப் பட்டியல் போன பிறகும் அந்த வரி போகவில்லை. பிரச்சினையின் வேர் இதுதான்.

தனிப் பட்டியல் எப்படிப் போனது? அரசியல் நிர்ணய சபை முதலில் தனி வாக்காளர் முறையை ஒழித்தது. ஆனால் இட ஒதுக்கீடு இருக்கட்டும் என்றது. 1948-ல் வெளியான அரசியல் சட்ட வரைவைப் பார்த்தால் சென்னை, பம்பாய் மாகாணங்களில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இடம் ஒதுக்கும் பிரிவு இருக்கும். அதாவது இன்றைய தனித் தொகுதி போல, கிறிஸ்தவர்களுக்கும் தமிழ்நாட்டில் சில தொகுதிகள் இருந்திருக்கும். 1949 மே மாதம் அது கைவிடப்பட்டது. ஆலோசனைக் குழுவில் சிறுபான்மையினர் இட ஒதுக்கீடே வேண்டாம் என்று தீர்மானம் கொண்டு வந்தவர் எச்.சி. முகர்ஜி, வங்காளக் கிறிஸ்தவர். சபையில் அதை ஆதரித்தவர்களில் ஒருவர் பாதிரியார் ஜெரோம் டிசூசா, சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஏசு சபைத் துறவி. இறந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு கே.டி. பால் ஜெயித்துவிட்டார். அதுவும் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் ஆதரவோடு!

பெருந்தன்மையான முடிவு என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டுக்கு உரியதுதான். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தது யார்? 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாத எவரும் தாழ்த்தப்பட்ட சாதியினர் அல்ல என்றது அதன் மூன்றாவது பத்தி. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. தனிப் பட்டியலும் போயிற்று, தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலும் இடமில்லை. வக்கீல் கிறிஸ்தவர் விட்டுக்கொடுத்தார், கூலிக்காரக் கிறிஸ்தவர் இழந்தார். தலித் கிறிஸ்தவர்கள் ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ஐயும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதற்காகத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழங்குடியினர் பட்டியலில் மத நிபந்தனையே கிடையாது. அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலையில் வாழும் மலையாளி இனத்தவர் (கேரளாக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) ஒருவர் கிறிஸ்தவரானாலும் பழங்குடியினரே. பக்கத்து மாவட்டத்து ஏற்காடு பழங்குடியினர் தொகுதியில் அவர் தாராளமாக நிற்கலாம். மலையிலிருந்து இறங்கினால் கீழே அரூரில் தலித் கிறிஸ்தவர் நிற்க முடியாது. மதம் மாறினால் சாதி போய்விடும், பழங்குடித்தன்மை போகாது என்பதுதான் சட்டத்தின் கணக்கு. சாதி போய்விடும் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் முதல் கல்லறைத் தோட்டத்துக்காரர் வரை யாரும் இதுவரை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. கல்லறையில் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டுத் திருச்சபைக்குள்ளேயே உண்டு.

கிருஷ்ணகிரி தாண்டினால் கோலார் தங்கவயல். தமிழர்கள் நிறைந்த ஊர். அங்கிருந்து இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967 தேர்தலில் தங்கவயல் தனித் தொகுதியில் எஸ். ராஜகோபால் ஜெயித்தார். தோற்ற சி.எம். ஆறுமுகம் வழக்குப் போட்டார். ராஜகோபால் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்து 1949-ல் கிறிஸ்தவரானவர். இந்து மதத்துக்குத் திரும்பிவிட்டதாக அவர் சொன்னார். மதம் திரும்பலாம், ஆனால் சாதிக்குள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு 1968-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. 1972-ல் மறுபடியும் ராஜகோபால் ஜெயித்தார், மறுபடியும் ஆறுமுகம் வழக்குப் போட்டார். இந்த முறை ஆதாரங்கள் குவிந்தன. கோவில் சுவருக்கு அடிக்கல் நாட்டக் கூப்பிட்டார்கள், தகப்பனாருக்கு இந்து முறைப்படி காரியம் நடந்தது, ஆதிதிராவிடர் மாநாடுகளில் கலந்துகொண்டார்... 1975 டிசம்பரில் தேர்தல் செல்லும் என்று தீர்ப்பு. ஒரு மனிதரின் நம்பிக்கையை நீதிமன்றம் எப்படி அளக்கும் என்பதற்கு இந்த இரண்டு தீர்ப்புகளும் நல்ல பாடம். மனசுக்குள் யாரைக் கும்பிட்டார் என்பது கேள்வியே இல்லை. எந்தக் கோவில் சுவருக்குக் கல் வைத்தார் என்பதுதான் கேள்வி.

1985-ல் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவர், இந்துத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடையைத் தனக்கும் கேட்டு வழக்குப் போட்டபோது, மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சரி, நிற்பது இருக்கட்டும். ஓட்டுப் போடும்போது நம்பிக்கை எவ்வளவு வேலை செய்கிறது? 1949 ஜூலையில் வாடிகன், கம்யூனிஸ்டுகளை ஆதரிக்கும் கத்தோலிக்கர்களுக்குத் திருவருட்சாதனங்கள் இல்லை என்று ஆணை போட்டது. 1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தே விட்டார்கள். ஆணைக்குப் பயந்து எல்லோரும் ஓட்டுப் போடவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. இந்தியத் தேர்தல் சட்டமும் இதை யோசித்திருக்கிறது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி, இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று மிரட்டுவதும், மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதும் ஊழல் நடவடிக்கை. கேரளத்தில் 2004-ல் மூவாற்றுப்புழையில் 529 ஓட்டில் ஜெயித்த பி.சி. தாமஸ், போப்பாண்டவர், அன்னை தெரசா படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காகப் பதவி இழந்தார். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஓட்டுப் போட்டார்கள் என்று அடிக்கடி சொல்லப்படுவது அதே 2004 தேர்தலைத்தான். 2002 அக்டோபர் 5-ல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அக்டோபர் 24-ல் கிறிஸ்தவப் பள்ளிகள் கதவடைத்தன. மாத இறுதியில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2004-ல் அ.தி.மு.க.-பா.ஜ.க. கூட்டணி 39 தொகுதிகளிலும் தோற்றது. முடிவு வந்தது மே 13. சட்டம் ரத்தாகும் என்று அறிவிப்பு வந்தது மே 18. ஐந்தே நாள்! காரணம் கிறிஸ்தவ ஓட்டுதான் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். ஆனால் 2003-ல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் நீக்கியதையும், எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒரே அணியில் சேர்ந்ததையும் மறந்துவிட்டுச் சொல்வதாகத்தான் அது இருக்கும்.

தர்மபுரித் தொகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1999-ல் அங்கே ஜெயித்தது பா.ம.க., பா.ஜ.க. கூட்டணியில். 2004-ல் ஜெயித்ததும் பா.ம.க., இப்போது தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணியில். 2014-ல் அன்புமணி ஜெயித்தது மறுபடியும் பா.ஜ.க. கூட்டணியில். 2024-ல் அதே கூட்டணியில் நின்ற சௌமியா அன்புமணி 21,300 ஓட்டில் தி.மு.க.வின் ஆ. மணியிடம் தோற்றார். கூட்டணி மாறிக்கொண்டே இருக்க, ஓட்டைத் தீர்மானித்தது பெரும்பாலும் சாதி. 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிந்த பிறகு நடந்த 2014 தேர்தலில் அது இன்னும் கூர்மையானது. இங்கே ஒரு வன்னியக் கிறிஸ்தவரும் ஒரு தலித் கிறிஸ்தவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசையில் இருந்துவிட்டு, வாக்குச்சாவடியில் ஒரே பொத்தானை அழுத்துவார்கள் என்று எதிர்பார்க்க என்ன காரணம் இருக்கிறது? 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தர்மபுரி மறைமாவட்டத்தின் எல்லைக்குள் ஒரு ஆயர் என்ன சுற்றறிக்கை விட்டாலும், ஊர்த் தெருவும் காலனித் தெருவும் வேறு வேறு திசையில்தான் இருக்கின்றன.

2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் தாழ்த்தப்பட்டோர் தகுதி கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசுக்கு அனுப்பியது. அதற்கு முன்பே, 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இதையே பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரையை மத்திய அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டியது, பிறகு கெடு நீட்டிக்கப்பட்டது.

இதற்கிடையே கேரளத்தின் தேவிகுளம் தனித் தொகுதி. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நிறைந்தது. 2021-ல் அங்கே ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் ஆ. ராஜா கிறிஸ்தவர் என்று சொல்லி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. தேவாலயத்தின் குடும்பப் பதிவேடும், திருமணப் புகைப்படங்களும் சாட்சி. 2025 மே 6-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அவர் தேர்வானது செல்லும் என்றது. அந்த இரண்டு ஆண்டுகளும் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பதவி தொங்கிக்கொண்டிருந்தது, கல்யாணத்தன்று அவரும் மணமகளும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்ற கேள்வியில்.